திருடி நட்ட கற்பூரவல்லி

ஒரே ஒரு ஊரு. அந்த ஊரில் ஒரே சுவரில் சாய்ந்து நின்ற ரெண்டு வீடு. ஒன்றில் வண்டிக்காரர் சீரங்கன் இருந்தார். இன்னொன்றில் மாசானம். ஓட்டுத் தண்ணீர் யார் பக்கம் விழுவது என்று ஒரு மழைக்காலத்தில் சண்டை வந்தது. அதோடு ரெண்டு வருஷமாகப் பேச்சு இல்லை.

சீரங்கனின் மனைவி பொன்னுத்தாயிக்கு மழை விழுந்தால் போதும், விடிய விடிய இருமல். நாமே வைத்தியம் படித்துவிட்டால் என்ன என்று ஐம்பத்திரண்டு வயதில் சீரங்கன் மூலிகை வைத்தியம் பார்க்கும் நாச்சம்மையின் வாசலில் போய் நின்றார். நாச்சம்மைக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் அவர் மருந்துக்கு ஏழு ஊர் ஜனம் வந்து நிற்கும்.

"சேர்த்துக்கறேண்ணே" என்ற நாச்சம்மை, ஒரு கற்பூரவல்லித் தண்டை ஒடித்துக் கொடுத்தார். "முதல்ல இதை வீட்டுல வளர்த்துக் காட்டுங்க. மத்ததெல்லாம் பிறகு."

எட்டாம் நாள் தண்டு அழுகியது. இன்னொன்று வாங்கிப் போனார். அதுவும் அழுகியது. மூன்றாவதும் அப்படியே. நாலாவது கேட்க வெட்கமாக இருந்தது. ஆவணி பாதி போய்விட்டது. மழைக்கு இன்னும் ரெண்டே மாசம்.

"திருடி வச்சாத்தான் செடி தழைக்குமாம், ஊரே சொல்லுது. நீங்கதான் பெரிய யோக்கியராச்சே!" என்று சிரித்தாள் பொன்னுத்தாயி. அந்தச் சிரிப்பும் இருமலில்தான் முடிந்தது.

மறுநாள் மத்தியானம், மாசானம் வெளியே போன நேரம் பார்த்து, சீரங்கன் கொல்லைச் சுவருக்கு மேலே கையை நீட்டினார். அங்கே இருந்த கற்பூரவல்லியில் ஒரு தண்டு ஒடிந்து வந்தது.

அது தழைத்தது. தொட்டி கொள்ளாமல் தழைத்தது. ஐப்பசி அடைமழையில் பொன்னுத்தாயி அதன் இலைக் கஷாயம் குடித்துவிட்டுக் குழந்தை மாதிரி தூங்கினாள்.

சீரங்கன் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம், மேலே கொத்தாகக் கற்பூரவல்லி வைத்து எடுத்துக்கொண்டு நாச்சம்மையிடம் போனார்.

"பொன்னுத்தாயி தூங்குறாம்மா. எல்லாம் உங்க புண்ணியம். ஆனா ஒரு சந்தேகம். திருடி வச்சாத்தான் தழைக்கும்கிறது நெசமா?"

"யார் வீட்டுல எடுத்தீங்க?"

"மாசானம் வீட்டுல."

"நான் கொடுத்த தண்டை எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?"

"பெத்த பிள்ளை மாதிரிம்மா! மூணு வேளையும் தண்ணி. ஒருநாள் விட்டு ஒருநாள் பிடுங்கி, வேர் விட்டிருக்கான்னு பார்த்துட்டுத் திரும்ப நட்டு வைப்பேன்."

"திருடினதை?"

"அவன் கண்ணுல பட்டுறக் கூடாதேன்னு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால வச்சேன். அந்தப் பக்கம் போகவே கூச்சம். வாரத்துல ஒருநாள், அவன் இல்லாத நேரமாப் பார்த்து, ஒரு செம்பு தண்ணி. வேரெல்லாம் எங்க பார்க்கிறது..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

நாச்சம்மை உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"அப்போ தழைச்சது திருட்டால இல்லை. அப்படின்னா நான் செஞ்சது திருட்டே இல்லையாம்மா?"

"திருட்டுதான்."

சீரங்கன் தலை குனிந்து தட்டை நீட்டினார். நாச்சம்மை அதைத் தொடவில்லை.

"நான் கொடுத்த மூணும்தான் செத்துப் போச்சேண்ணே. இந்தத் தட்டு என்னோடது இல்லை."

தட்டோடு திரும்பினார் சீரங்கன். தன் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுப் படியில் நின்றார். ரெண்டு வருஷத்தில் அந்தப் படியில் அவர் கால் பட்டதில்லை.

மாசானம் வெளியே வந்து தட்டைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார்.

"என்ன சீரங்கா, பெண் கேட்டு வந்தியா? என் வீட்டுல பெண் இல்லையே."

"மாசானம், இந்தக் கற்பூரவல்லி... உன் செடியில ஒடிச்சது."

"தெரியும்."

"தெரியுமா?"

"செடியை ஒளிச்சு வச்சே, சரி. கஷாயம் கொதிக்கிற வாசத்தை எங்கய்யா ஒளிப்பே?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேட்கலை?"

மாசானம் வெற்றிலையை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"சுவருக்கு அந்தப் பக்கம் தங்கச்சி இருமும். இந்தப் பக்கம் எனக்கும்தான் தூக்கம் கிடையாது. இந்த மழைக்குத்தான் நல்லாத் தூங்கினேன். அதைப் போய்க் கேட்டுக் கெடுப்பாங்களா?"

சீரங்கன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாசானம் சுண்ணாம்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் காலையில் சீரங்கன் வெறும் கையோடு நாச்சம்மையிடம் வந்து, நடந்ததை எல்லாம் சொன்னார்.

"ஓட்டுத் தண்ணி என்னாச்சுண்ணே?"

"என் பக்கமே விழட்டும்னு நான் சொல்றேன். தன் பக்கமே விழட்டும்னு அவன் சொல்றான். இப்போ அதுக்குச் சண்டைம்மா."

நாச்சம்மை எழுந்து போய் ஒரு தூதுவளைக் கன்றை வேர் மண்ணோடு எடுத்து வந்தார். சீரங்கன் ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுக்கு எத்தனை வேளை தண்ணி ஊத்தணும்மா?"

"மாசானத்தைக் கேளுங்க."

சீரங்கன் கன்றைத் துண்டில் பொதிந்துகொண்டு நடந்தார்.