உடன் ஊழியர் பத்துப் பேர்

கேளுங்கள் இந்த அநியாயத்தை! சபைக் குருவானவர் செல்வின்துரை, மூன்று வருடத்தில் தன்னோடு சேர்ந்து இறைப்பணி செய்யும் பத்து உடன் ஊழியர்களை உருவாக்கிவிட்டதாகப் பேராயருக்கு எழுதி அனுப்பியிருந்தார். உண்மையில், ஆராதனையில் ஒரு ஜெபம் சொல்லக்கூட அவர் யாரையும் விட்டதில்லை.

பேராயர் ஞாயிறன்று நேரில் வருகிறார் என்றதும், வீடு வீடாகப் போய் ஜெபிக்கும் சபை ஊழியக்காரி ஞானப்பூவைக் கூப்பிட்டார்.

"பத்துப் பேரை மேடையில நிறுத்து. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

இல்லாத ஆட்களுக்கு ஞானப்பூ எங்கே போவாள்? சற்று யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க கூப்பிட்ட உடன் ஓடி வர்றவங்களையே நிறுத்திடுறேன் ஐயா."

"அவங்கதான் சரி!"

ஞாயிறன்று பத்துப் பேரும் மேடையேறினார்கள். "தம்பி, நீங்க என்ன ஊழியம் செய்றீங்க?" என்று பேராயர் முதல் ஆளிடம் கேட்டார்.

"ஐயா சொன்ன உடன் காரைக் கழுவுவேன்."

"ஐயா கார்ல இருந்து இறங்கின உடன் நான் குடை பிடிப்பேன்" என்றார் அடுத்தவர்.

"ஐயா பேசி முடிச்ச உடன் ஆமான்னு சொல்லுவேன். நான் கமிட்டி மெம்பர்."

பேராயர் குருவானவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இவங்களுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுத்தே?" என்று குருவானவர் ஞானப்பூவிடம் சீறினார்.

"நான் ஒண்ணுமே சொல்லிக்கொடுக்கலையே ஐயா! மூணு வருஷப் பயிற்சியும் உங்களோடதுதான்."

பேராயர் எழுந்தார். "ஞானப்பூம்மா, இன்னைக்குப் பிரசங்கம் நீங்க பண்ணுங்க. குருவானவரே, நீர் கீழே உட்கார்ந்து கேளும்."