ராஜாவுக்குக் கிடைத்த புதுப் பட்டம்

அந்தக் காலத்திலே மருதம்பாடி நாட்டை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் சபைக்குள் நுழையும்போது கட்டியக்காரன் தம் பட்டங்களை முழங்கினால்தான் அவருக்கு நடையே வரும்.

கட்டியக்காரன் மாசிலனோ மனைவியை இழந்தவன். கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மாந்தம் என்று அடிக்கடி வேலைக்கு வரமாட்டான். அன்றெல்லாம் ராஜா திருடனைப் போல ஓசையில்லாமல் வந்து உட்கார வேண்டியிருந்தது.

அந்த வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தரத் துடித்துக்கொண்டிருந்தார் அரண்மனை அதிகாரி குலோத்தமர். "மகாராஜா! பிள்ளையைச் சாக்குச் சொல்லி நேரத்துக்குச் சபைக்கு வராதவர் யாராயிருந்தாலும் வேலை போகட்டும். காலியாகும் இடத்துக்கு என் மைத்துனன் இருக்கிறான்" என்றார்.

மாசிலன் நடுங்கிப்போனான். வேலை போனால் குழந்தைக்குப் பாலுக்கு எங்கே போவான்?

மந்திரி சொக்கனார் குறுக்கே வந்தார். "அருமையான சட்டம்! நாளை முதல் நடக்கட்டும். 'யாராயிருந்தாலும்' என்பதை மட்டும் மாற்ற வேண்டாம்." ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

சொக்கனார் நேரே மகாராணியிடம் போய் ஏதோ சொன்னார். மறுநாள் விடியுமுன் ராணி தாதிகளையெல்லாம் அழைத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். குட்டி இளவரசன் ராஜாவின் மடியில்!

சபையில் மாசிலன் தோளில் குழந்தையோடு நேரத்துக்கே நின்றான். ராஜாவைத்தான் காணோம். வெயில் ஏறியபின் வந்தார். கிரீடம் கோணல், பட்டு அங்கவஸ்திரம் ஈரம், கழுத்தைக் கட்டிக்கொண்டு இளவரசன்.

"இறக்கினால் வீறிடுகிறான் ஐயா! பால் கொடுத்தேன், துப்பினான். யானையாகி முதுகில் சுமந்தேன், நிறுத்தவே விடவில்லை!"

சொக்கனார் திரும்பினார். "குலோத்தமரே, இடம் காலி. சிம்மாசனத்தில் உட்கார உங்கள் மைத்துனரை வரச் சொல்லுங்கள்."

குலோத்தமருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ! அந்தச் சட்டமே வேண்டாம் மகாராஜா!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மாசிலனைப் பார்த்தார். "ஒரு காலைக்கே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நீ தனியாளாய் எப்படியப்பா சமாளித்தாய்? இனி சபைக்குப் பக்கத்து அறையில் தொட்டில் கட்டுவோம், தாதிகள் பார்த்துக்கொள்வார்கள். காய்ச்சல் நாளில் நீ வீட்டிலேயே இரு. அன்று குலோத்தமர் உன் இடத்தில் நின்று கத்துவார்."

மாசிலன் கையெடுத்துக் கும்பிட்டான். தனக்குத் தெரிந்த ஒரே வழியில் நன்றி சொன்னான்.

"மலை கொண்டான், கடல் வென்றான், யானையாகிப் பிள்ளை சுமந்தான், ராஜாதிராஜன் பராக்! பராக்!"

சிம்மாசனத்தை நோக்கி நடந்த ராஜா பாதியில் நின்றுவிட்டார்.

"அந்தப் புதுப் பட்டத்தை இன்னொரு தரம் சொல்லப்பா" என்றார்.