எதுவும் கேக்காத கம்ப்யூட்டர்

வெள்ளத்தாய் அத்தை என் கம்ப்யூட்டர தண்ணிக்குடம் மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டு கடைக்குள்ள வந்தாங்க. அவ்வளவுதான், சோலி முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

பெட்டிக்கு நாலு மூலையிலயும் சந்தனம், குங்குமம். மேல ஒரு முழம் செவ்வந்தி. முந்தின நாள்தான் ஆயுதபூஜை. கேமராவுக்கு ஒரு சின்னக் கண்ணு இருக்குல்ல, அது மேலயே அளந்து வச்ச மாதிரி ஒரு சந்தனப் பொட்டு.

பழைய மானிட்டருக்குப் பின்னாடி உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு ஒன்ன மாட்டி, நானே செஞ்ச பெட்டி அது. விலை எட்டாயிரம். சாதாரண வீட்டுல வாங்கணும், சாதாரண ஆளுக்குப் புரியணும். ஒரு வருஷமா எனக்கு வேற நெனப்பே இல்ல. அத்தை கோவில்பட்டியில ஒரு அப்பளக் குழுவுக்குத் தலைவி. அதுல இருபத்திரெண்டு பேரு. மொதப் பெட்டிய அவங்ககிட்டதான் குடுத்துப் பாத்தேன். அத்தைக்குப் புடிச்சா எல்லாரும் வாங்குவாங்க. புடிக்கலன்னா தீபாவளி கழிஞ்சு நான் திருப்பூருக்குப் போயி மாமாவோட பனியன் கம்பெனியில துணி மடிக்கணும். அம்மாகிட்ட ஒத்துக்கிட்டாச்சு.

"படம் தெரியலயா அத்த? இதோ, சந்தனம்தான் மறைக்குது"ன்னு ஈரத்துணியால தொடச்சேன்.

"அது கண்ணுன்னு தெரிஞ்சுதான்யா பொட்டு வச்சேன். கண்ண மூடினா கேள்வி கேக்காதுன்னு பாத்தேன். அப்பயும் கேக்குது."

கடைக்குள்ள ஜெசிந்தா அக்கா ஒரு போர்டுல ஈயத்த உருக்கி ஒட்ட வச்சுக்கிட்டு இருந்தாங்க. இந்த ரிப்பேர் கடை அவங்களோடது. எனக்கு இந்த வேலையே அவங்கதான் கத்துக் குடுத்தாங்க. என்ன விட ரெண்டே வயசு மூப்பு. குருவேன்னு கூப்பிட்டா ஸ்க்ரூடிரைவர் பறந்து வரும், அதனால அக்கா.

அத்தை மூச்சு விடாம சொன்னாங்க. பெட்டியப் போட்டா வணக்கம் சொல்லுதாம். பேரு கேக்குதாம். இன்னைக்கு மனசு எப்படி இருக்குன்னு கேக்குதாம். உதவி வேணுமான்னு கேக்குதாம். வேணாம்னா, நிச்சயமா வேணாமான்னு கேக்குதாம். பொண்ணு பாக்க வந்தவுகளே தன்னக் கேட்டது ரெண்டே கேள்விதானாம்.

உதவி பண்றதுக்காகத்தான் அதெல்லாம் வச்சதுன்னு சொன்னேன். புரியலன்னா பாக்க கூடவே புத்தகம் குடுத்தேனேன்னும் சொன்னேன். அத்தை பையில இருந்து அத எடுத்து மேசையில வச்சாங்க. 'எளிமையாகப் பயன்படுத்தும் முறை', நாப்பத்தெட்டுப் பக்கம். அதுக்கும் குங்குமம் வச்சிருந்தாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. அக்கா பக்கம் திரும்பினேன்.

"விலையக் கொறச்சேன். எல்லாத்தையும் தமிழ்ல வச்சேன். இதுக்கு மேல எளிமைன்னா என்னக்கா?"

அக்கா ஈயத்த ஊதி ஆற வச்சாங்க. அத்தைகிட்டதான் பேசினாங்க.

"பெட்டி இங்க இருக்கட்டும் அத்த. அதுக்குப் பதிலா நாளைக்கு ஒரு நாள் இவன வச்சுக்கோங்க. ஃபோனும் கையுமா வருவான். கேட்டதச் செய்வான்."

அப்புறம் என்கிட்ட, "நாளைக்கு நீதான் கம்ப்யூட்டர். வாயத் தொறக்கக் கூடாது"ன்னாங்க.

மறுநாள் எட்டு மணிக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். பெட்டி இருந்த மேசையிலயே உக்காரச் சொன்னாங்க. ஏறினேன், மேசை ஆடுச்சு. எறங்கி ஸ்டூல்ல உக்காந்தேன்.

ஒரு கூடை அப்பளத்தோட நின்னு அத்தை கேட்டாங்க, மழை வருமான்னு. ஃபோன்ல பாத்தேன். ஏழு நாளைக்கு எவ்வளவு சதவீதம், காத்துல ஈரம் எவ்வளவு, எல்லாம் இருந்துச்சு. என் பெட்டியில அத்தனையும் கலர் கலரா வச்சிருந்தேன். வாயத் தொறக்கக் கூடாதே. இல்லன்னு தலையாட்டினேன். அத்தை மாடிக்குப் போயிட்டாங்க.

பத்து மணிக்கு சேலத்துல இருக்கிற மகள் மொகத்தப் பாக்கணும்னாங்க. போட்டுக் குடுத்தேன். பேத்திக்குப் பல்லு மொளச்சிருந்துச்சு.

அதுக்கப்புறம் யாரும் என்ன எதுவும் கேக்கல. பதினொன்னு ஆச்சு. பன்னெண்டு ஆச்சு. எனக்குக் கையி காலு நிக்கல. அத்தை அந்தப் பக்கம் போறப்ப என்னையும் மீறி வாயி தொறந்துடுச்சு.

"அத்த, பேத்தி படத்தையெல்லாம் மாச வாரியா..."

அத்தை நேரா சாமி அலமாரியப் பாத்து நடந்தாங்க. சந்தனக் கிண்ணத்தோட திரும்பி வந்தாங்க. நான் வாய மூடிக்கிட்டேன்.

சாயங்காலம் குழுப் பொம்பளைங்க நாலஞ்சு பேரு வந்தாங்க. என்னச் சுத்தி வந்து பாத்தாங்க. எப்படி இருக்குன்னு ஒருத்தி கேட்டா.

"சோறுதான் கொஞ்சம் கூடுதலா இழுக்குது. மத்தபடி தொந்தரவு இல்ல"ன்னாங்க அத்தை.

மூணாவதா ஒரு வேலை வந்துச்சு. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு, நாளைக்கு நாப்பது பாக்கெட் ரெடின்னு தகவல் அனுப்பணும். அனுப்பினேன். அத்தை அப்பளம் எடுக்க மாடிக்குப் போறதுக்கு முன்னாடி, பெட்டிக்குன்னு தச்சு வச்ச பூப்போட்ட துணிய எடுத்து என் தலையில போத்திட்டுப் போனாங்க. தூசி படுமாம்.

உள்ள ஒரே புழுக்கம். ஒரு நாளு முழுக்க நான் செஞ்ச வேலைய வெரல் விட்டு எண்ணினேன். ஒரு கையில ரெண்டு வெரல் மிச்சம் இருந்துச்சு.

கடைக்குத் திரும்பினப்ப அக்கா ஷட்டர பாதி எறக்கி வச்சுட்டு எனக்காக நின்னுக்கிட்டு இருந்தாங்க.

"எப்படிடா இருந்துச்சு?"

"மூணே வேலைக்கா. மத்த நேரமெல்லாம் சும்மா இருந்து இருந்து முதுகு புடிச்சுக்கிச்சு."

அக்கா தலையாட்டினாங்க. பெட்டி மேசை மேல அப்படியே இருந்துச்சு, செவ்வந்தி வாடியிருந்துச்சு.

"அத்தை ஃபோன் போட்டாங்க. குழுவுல எல்லார்கிட்டயும் பேசிட்டாங்களாம். இருபத்திரெண்டு வேணுமாம்."

எனக்குத் தல கால் புரியல. திருப்பூர், பனியன், மாமா, எல்லாம் ஒரே செகண்டுல பறந்து போச்சு.

"பெட்டியாக்கா? இருபத்திரெண்டு பெட்டியா?"

அக்கா வாடின பூவ எடுத்துட்டு, ஸ்க்ரூடிரைவர என் கையில வச்சாங்க.

"உன்னத்தான் கேட்டாங்க. அந்த மாதிரிப் பெட்டிய நீ இன்னும் செய்யவே இல்லயே."