தேயாத பிரைமர்

சிங்காநல்லூரில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் குப்புராஜுக்கு வாரத்தில் ஆறு நாளும் நசுங்கிய கதவுகள்தான் உலகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அண்ணாந்து பார்ப்பார். அவர் பட்டறைக் கூரையில் அவரே செய்த ஒன்பது குட்டி விமானங்கள் தொங்கின. அத்தனையும் ரிமோட்டில் பறந்து பத்திரமாக இறங்கியவை. ஊரில் குட்டி விமானப் பைத்தியம் பிடித்தவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நாற்பது பேரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள்.

நாற்பத்தோராவதாக வந்து சேர்ந்தவள் கோகிலவாணி. மாஸ்டரைவிட நாலு வயது மூத்தவள். கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். வேலை சுத்தம் என்று பேர் வாங்கியவள், அந்தப் பேரில் கொஞ்சம் கர்வமும் உள்ளவள். ஆறு மாதமாகச் சாப்பாட்டு மேஜையை விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, அவளும் வீட்டுக்காரரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எடையே தெரியாத பால்சா மரத்தில் இறக்கை, உடம்பு, வால் எல்லாம் தயார். வருகிற ஞாயிறு மைதானத்தில் எல்லோர் முன்னாலும் முதல் முறையாகப் பறக்க விட வேண்டும். குங்குமச் சிவப்பு அடிப்பதென்று என்றைக்கோ முடிவு செய்துவிட்டாள். அதற்கு அடியில் பூசும் பிரைமர்தான் பாக்கி.

திங்கட்கிழமை பட்டறைக்குப் போனாள்.

"மாஸ்டர், எந்த பிரைமருங்க நல்லது?"

"எதுக்கு அம்மிணி பிரைமர்?"

"இதென்ன கேள்விங்க? அடியில அதைப் போட்டாத்தான் மேல போடறது நிக்கும். பள்ளம் மேடு எதுவும் தெரியாது. எங்க தொழில்லயும் அதானுங்களே. காலைல முகூர்த்தத்துக்குப் போட்டா ராத்திரி ரிசப்ஷன் வரைக்கும் அசையாது."

மாஸ்டர் ஒரு சாம்பல் நிற ஸ்ப்ரே டப்பாவையும் நாலு துண்டு உப்புத்தாளையும் எடுத்துக் கொடுத்தார்.

"அடிச்சுக் காய வெச்சு, தேய்ச்சுட்டு வாங்க."

"எவ்வளவு தேய்க்கறதுங்க?"

"மரம் தெரியற வரைக்கும்."

பூசச் சொல்லிவிட்டு அதையே அழிக்கச் சொல்கிறாரே, இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போய் அடித்தாள். ஒரே சீராகச் சாம்பல் ஏறியது. "கடையில வாங்கினதாட்ட இருக்குது" என்றார் வீட்டுக்காரர். அதற்கப்புறம் அதைத் தேய்க்க யாருக்கு மனசு வரும்? பவுடர் ஒற்றுவதுபோல உப்புத்தாளால் ரெண்டு தடவு தடவி, செவ்வாய்க்கிழமை இறக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

மாஸ்டர் இறக்கைமேல் விரலை ஓட்டினார்.

"தேய்ச்சீங்களா?"

"லேசாங்க."

"இன்னும் தேய்ங்க."

அன்றைக்கு மேஜைமேல் செய்தித்தாள் விரித்து, நிஜமாகவே தேய்த்தாள். சாம்பல் மாவாகக் கொட்டியது. மரம் தெரிய ஆரம்பித்தபோது, இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடும் தெரிந்தது.

அது என்ன கோடு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ரெண்டு மாதத்துக்கு முன்னால் சாம்பார்ச் சட்டியைத் தூக்கும்போது முழங்கை பட்டு இறக்கை கீழே விழுந்தது. டிக் என்று ஒரு சத்தம். ஒரு சொட்டுப் பசை விட்டு, மேலே பட்டி பூசி, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் எடுத்து வைத்துவிட்டாள். மறந்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லியும் கொண்டாள்.

கோட்டின்மேல் மறுபடி பிரைமர் அடித்தாள். மறைந்தது. தேய்த்தாள். வந்து நின்றது. இன்னொரு தரம் அடித்தாள். இன்னொரு தரம் வந்தது. அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

புதன்கிழமை காலையில் முழு விமானத்தையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டாள்.

"உங்க பிரைமர் சரியில்லீங்க மாஸ்டர். தேய்ச்சா வந்துருது. தேயாத பிரைமரா ஒண்ணு குடுங்க."

மாஸ்டர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு பழைய தகரத்தை எடுத்தார். அதில் முன்பே ரெண்டு பிரைமரை அடித்துக் காய வைத்திருந்தார். முதலாவதை உப்புத்தாளால் தேய்த்தார், மாவாக உதிர்ந்தது. இரண்டாவதைத் தேய்த்தார். தாள்தான் பிசுபிசுவென்று அடைத்துக்கொண்டதே தவிர, பிரைமர் அசையவில்லை.

"இது கெட்டிங்க. இரும்புக்கு அடிக்கறது. ஒரு நாளும் வராது. ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்குங்க."

கோகிலவாணி கெட்டியானதன் டப்பாவை எடுத்துப் பையில் போட்டாள். மாஸ்டர் தடுக்கவில்லை. கார்க் கதவுப் பக்கம் திரும்பியவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கேட்டார்.

"ஏனுங்கம்மிணி, ராத்திரி ரிசப்ஷன் முடிஞ்சா அந்த மேக்கப் என்ன ஆகும்?"

"கலைச்சுருவாங்க."

"கலைச்சா?"

"மூஞ்சி இருக்குமுங்க."

"சரி" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கதவைத் தேய்க்கப் போய்விட்டார்.

கோகிலவாணி பையைத் திறந்தாள். டப்பாவை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

"மாஸ்டர், இங்கயே உக்காந்து தேய்க்கட்டுங்களா?"

"தாராளமா."

மரம் முழுசாகத் தெரியும்வரை தேய்த்தாள். கோடு வந்தது. அதன்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். இறக்கை வாய் பிளந்தது. அழுத்தியது ஒரு விரல்தான். மேலே போய்க் காற்று அழுத்தியிருந்தால் அத்தனை பேர் தலைக்கு மேலேயும் ரெண்டாக ஒடிந்து விழுந்திருக்கும். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாஸ்டர் எப்படி ஆச்சு, ஏன் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தப்பை வெச்சுக் கட்டிரலாமுங்க. நமக்குக் கை ஒடிஞ்சாக் கட்டறதில்லையா?"

அன்றைக்குக் கட்டினார்கள். வியாழக்கிழமை முழுக்கக் காய்ந்தது. வெள்ளிக்கிழமை அவளே பிரைமர் அடித்து, அவளே தேய்த்தாள். கோடு வரவில்லை. திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை பேரூரில் ஒரு கல்யாணம். சிவப்பு அடிக்க நேரமே கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையில் அங்கங்கே மரமும் அங்கங்கே சாம்பலுமாக அவள் விமானம் மைதானத்துக்கு வந்தது.

"என்னக்கா, முகூர்த்த நேரம் வந்தாச்சு, பொண்ணுக்கு இன்னும் மேக்கப் போடலையா?" என்று சிரித்தார்கள்.

"இதுதான் பொண்ணு. பாத்துக்குங்க" என்றாள்.

விமானம் ஓடி எழும்பியது. தென்னை உயரம் தாண்டி, இடது இறக்கையைச் சாய்த்துத் திரும்பியபோது கோகிலவாணி மூச்சே விடவில்லை. ஒரு சுற்று, ரெண்டு சுற்று, மூணு சுற்று. அப்புறம் புல்லில் ரெண்டு குதி குதித்து இறங்கி நின்றது. ரிமோட்டை யார் கையிலோ திணித்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இறக்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் எந்தக் கல்யாணத்திலும் இருந்ததில்லை.

வெயில் ஏறியதும் மாஸ்டர் பிளாஸ்க்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணுமுங்க. அந்த விரிசல் எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது? விரலை ஓட்டிப் பாத்தீங்களே, அப்பவா?"

"அப்பத் தெரியலீங்க."

"பின்னே?"

மாஸ்டர் டீயை ஊதிக் குடித்தார்.

"தேயாத பிரைமர் கேட்டீங்களே, அப்ப."