சாம்பல் புறாவின் இரண்டு முட்டைகள்

தேவசகாயத்துக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரு குரு வாய்த்தாள். குருவுக்கு வயது இருபது, பெயர் நசீமா. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை, மீதி நேரமெல்லாம் பந்தயப் புறா. ராயபுரத்தில் புறா விடுகிற பையன்கள் எல்லோருக்கும் அவள் மாஸ்டர். தேவசகாயத்தின் மகன் ரூபனும் அப்படித்தான் கூப்பிட்டான்.

ரூபன் இருந்தவரை அவருக்குப் புறா என்றாலே ஆகாது. "புறா மேய்க்கவாடா உன்னைப் பெத்தேன்?" என்று மாடியைப் பார்த்துக் கத்தாத நாள் கிடையாது. பைக் விபத்தில் மகன் போன பதினைந்தாம் நாள், அதே மனுஷன் ஒரு சொம்பில் கம்புத் தானியத்தை எடுத்துக்கொண்டு நசீமா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இதுங்களுக்கு எம்மாம் போடணும்னுகூட எனக்குத் தெரியாதும்மா. நீ கத்துக் குடு."

கற்றுக்கொடுத்தாள். தீனி, தண்ணீர், கூண்டு கழுவுகிற விதம். முட்டை இட்டால் பகலெல்லாம் ஆண் அடைகாக்கும், சாயங்காலத்திலிருந்து காலைவரை பெட்டை. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவருக்கு இது சட்டென்று பிடிபட்டது. "ஷிப்ட்டு!" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

ஆனால் ஒரு கேள்வி அவரை விடுவதாக இல்லை.

"மாஸ்டர், நான் கையெழுத்துப் போட்டது சரியா?"

மூளை செத்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர்கள் இரண்டு தடவை சோதித்துச் சொன்ன பிறகுதான் உறுப்பு தானத்துக்குக் கையெழுத்துப் போட்டார். ரூபனின் இதயம், ஈரல், சிறுநீரகங்கள் எல்லாம் நாலு பேருக்குப் போயின. யாருக்கு என்று சொல்லமாட்டார்கள். அதெல்லாம் அவருக்குப் புரிந்தது. புரியாதது வேறு.

"ஒரு கையால அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் போட்டேன். சூடா இருந்துச்சும்மா. சூடா இருக்கற புள்ளைய எந்த அப்பனாவது குடுப்பானா?"

"தண்ணி மாத்துங்க அங்கிள்" என்றாள் நசீமா. அடுத்த வாரம் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர்தான் மாறியது.

ரூபனின் புறாக்களில் ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது. அவனுடைய செல்லம். அது இரண்டு முட்டை இட்டபோது, பேரப்பிள்ளை பிறக்கப்போகிற மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் தேவசகாயம். எட்டாம் நாள் மத்தியானம், பறக்கக் கிளம்பிய சாம்பலை ஒரு வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்த ஆண்புறா இறங்கித் தீனி தின்றது. மாற்றிவிட ஆள் வரவில்லை. அதுவும் திரும்பப் போய் உட்காரவில்லை.

போன் போட்ட கால் மணி நேரத்தில் நசீமா மாடிக்கு வந்துவிட்டாள். ஒரு முட்டையை எடுத்து செல்போன் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன. அதை அப்படியே அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"உயிர் இருக்கு. ஆனா இங்க அடைகாக்க வேற ஜோடி இல்ல. தண்டையார்பேட்டைல ஜோசப் அண்ணன் கூண்டுல ஒரு ஜோடி உக்காந்திருக்கு. அதுங்க முட்டை ரெண்டும் கூமுட்டை, பொரிக்காது. எடுத்துட்டு இதை வெச்சா ஏத்துக்கும்."

"பொரிச்சதும் நம்ம மாடிக்குக் கொண்டாந்துடலாமா?"

"எந்தக் கூண்டுல பொரிக்குதோ, அந்தக் கூண்டுப் புறா. அதான் நம்ம வழக்கம். திருப்பிக் கேக்கக் கூடாது."

"நம்ம மாடி அதுங்களுக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது அங்கிள்."

"ரூபனோட சாம்பலுக்கு இதுதாம்மா கடைசி."

"ஆமா."

நசீமா ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

தேவசகாயம் முட்டையைப் பார்த்தார். ஆண்புறாவைப் பார்த்தார். பிறகு இரண்டு முட்டைகளையும் பஞ்சில் பொதிந்து, பனியனுக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"வண்டிய எடும்மா. நிக்காத."

வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று தகராறு செய்தது. "வழி விடுய்யா, உள்ள உயிர் இருக்கு!" என்று கத்தினார். லாரிக்காரர் அவருடைய தொப்பையை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியை ஒதுக்கினார்.

இரண்டு மாதம் கழித்து ஜோசப்பின் மாடியில் குருவும் சீடரும் நின்றார்கள். கூண்டைத் திறந்ததும் மற்ற புறாக்களோடு இரண்டு இளம் சாம்பல்களும் எழும்பின. முதல் சுற்றில் தடுமாறின. மூன்றாவது சுற்றில் கூட்டத்தோடு கலந்துவிட்டன. பிறகு ஜோசப்பின் கூண்டு மேலேயே வந்து இறங்கி, வீடு வந்து சேர்ந்த நிம்மதியில் சிறகைக் கோதின.

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல பாரு" என்றார் தேவசகாயம். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பழைய பேச்சு வந்தது.

"மாஸ்டர், அன்னைக்கு ஆஸ்பத்திரில நான்..."

"அங்கிள், அன்னைக்கு முட்டையைக் கொண்டு வந்தீங்களே, குடுக்கறது சரியான்னு என்னை ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"அதுக்கு எங்கம்மா நேரம்? சூடு இருந்துச்சே. ஆறிப்போச்சுன்னா அப்புறம்..."

தேவசகாயம் பாதியில் நிறுத்தினார். அன்றைக்கு ரூபனின் கையைப் பிடித்திருந்த தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.