ஞாயிற்றுக்கிழமையின் விலை

ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் குருவின் இடம். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். குரு ஃபர்ஜானாவுக்கு வயது இருபத்து நாலு. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்தொன்று. தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர்.

சீடர் முதல் முறையாகச் சொந்தமாக ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தார். மியூச்சுவல் ஃபண்டின் பெயரையும் பழைய தேதி ஒன்றையும் போட்டால், அன்றைக்கு ஒரு யூனிட் என்ன விலை என்று சொல்லும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீடர் படியேறி வந்தார். முகம் சரியில்லை.

"டீச்சர், என் ப்ரோகிராமால ஒரு குடும்பம் உடைஞ்சிடுச்சு."

"உக்காந்து சொல்லுங்க சார்."

சொன்னார். பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் அப்பா போன வருஷம் தவறிப்போனார். அவர் போட்டுவைத்த ஃபண்டை அண்ணனான தணிகாசலம் எடுத்துக்கொள்வது, தங்கை குமுதவல்லிக்குப் பாதியைப் பணமாகத் தருவது, அப்பா இறந்த அன்றைய விலைக்கு என்று பேச்சு. விலையைக் கேட்டுச் சீடரிடம் வந்தது குமுதவல்லி. ப்ரோகிராம் ஐம்பத்தேழு ரூபாய் என்றது. அண்ணன், ஃபண்ட் கம்பெனியின் இணையதளத்தில் போய்த் தேடினான். அந்தத் தேதியே அங்கே இல்லை.

"'எங்கேயும் இல்லாத விலையை ஏகாம்பரம் மாமாகிட்ட எழுதி வாங்கிட்டு வந்தியா'ன்னு கேட்டுட்டான், டீச்சர். அந்தப் பொண்ணு எழுந்து போயிடுச்சு. நாளைக்கு அப்பாவுக்கு வருஷத் திதி. வர மாட்டேங்குது."

"அவர் இறந்தது என்ன கிழமை?"

"ஞாயிறு."

"ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் லீவாச்சே. ஐம்பத்தேழு எங்கேருந்து வந்தது?"

சீடர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை அறுபது. திங்கள் ஐம்பத்து நாலு. நடுவுல கட்டம் காலியா இருந்தது. காலியா விட்டா ஆடிட்ல மாட்டுவோம்மா. கூட்டி ரெண்டால வகுக்கச் சொல்லி எழுதிட்டேன்."

குரு திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"சார், கீழே போய் ஒரு டீ வாங்கிட்டு வர்றீங்களா?"

சீடர் இறங்கிப் போனார். வெறுங்கையோடு திரும்பினார்.

"கடை லீவு, டீச்சர்."

"நேத்து டீ எப்படி இருந்தது?"

"சூடா இருந்தது. சர்க்கரை தூக்கல்."

"நாளைக்கு எப்படி இருக்கும்?"

"அவன் என்னிக்கு மாத்திப் போட்டான்? அப்படியேதான் இருக்கும்."

குரு மேஜையில் கழுவிக் கவிழ்த்திருந்த கிளாஸை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

குரு சொன்னால் சொன்னதுதான். சீடர் கிளாஸை உதடு வரை கொண்டுபோனார்.

"சர்க்கரை போதுமா சார்?"

சீடர் கிளாஸை மெல்லக் கீழே வைத்தார்.

"உங்க ஆபீஸ்ல ஒரு மாசம் மனு எதுவும் வரலேன்னா கலெக்டர் ஆபீஸுக்கு என்ன அனுப்புவீங்க?"

"இன்மை அறிக்கை."

"போன மாசத்தையும் அடுத்த மாசத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து அனுப்பினதில்லையா?"

"மெமோ வந்திருக்கும்."

சீடர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்தார். கூட்டி வகுக்கும் இரண்டு வரியை அழித்தார். விலை இல்லாத தேதிக்கு 'இன்மை' என்று காட்டச் சொன்னார். அப்பா இறந்த தேதியைப் போட்டார். இன்மை என்று வந்தது.

பிறகு போனை எடுத்தார்.

"தணிகாசலம், மாமா பேசறேன். அன்னிக்கு விலை இல்லப்பா. ஐம்பத்தேழு நானா போட்டது. உன் தங்கச்சிக்கு அது தெரியாது."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"என்ன மாமா நீங்க. அவளை நான் என்னென்ன கேட்டேன் தெரியுமா."

"தெரியும்ப்பா."

"சரி, எந்த விலைக்குத்தான் கணக்குப் பண்றது?"

"வெள்ளி அறுபது, திங்கள் ஐம்பத்து நாலு. அது ரெண்டும் நிஜம். அந்தப் பொண்ணை உக்கார வெச்சுப் பேசு."

"அவ உக்காரணுமே." கொஞ்சம் கழித்துத் தணிகாசலம் சொன்னான்: "நானே போய்க் கூப்பிட்டுப் பாக்கறேன். வையுங்க."

சீடர் போனை வைத்தார்.

"டீச்சர், நாளைக்கு அந்தப் பொண்ணு திதிக்கு வந்துடுமா?"

"நாளைத் தேதியைப் போட்டுப் பாருங்க சார்."

சீடர் போட்டார். திரையில் வந்ததைப் படித்தார். குருவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்பதான் சார் உங்க ப்ரோகிராம் ஒழுங்கா வேலை செய்யுது" என்றாள் குரு.