ஒன்றுகளின் நிரல்

மலைகளுக்கு நடுவே கிடந்த அந்த ஏரியில் பாதி நாள் பனிதான் தெரியும், தண்ணீர் தெரியாது. பனிக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு, அதில் நாற்பது வீடு. எப்போதாவது துறையில் தண்ணீர் வற்றினால் நடந்தே போவார்கள். மற்ற நாளில் படகு.

தண்ணீர் எத்தனை அடி என்று தினமும் காலையில் பலகையில் எழுதுவது அருளப்பனின் வேலை. பழைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், ஐம்பத்தெட்டு வயதில், கணினியில் கணிப்பு கற்க செண்பகவல்லியிடம் வந்து சேர்ந்தவர். ஆசிரியைக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

துறையில் எவ்வளவு தண்ணீர் என்று கணித்துச் சொல்ல அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அதற்குள் எண்களைக் கட்டம் போட்டு அடுக்கிய ஓர் அணி. குறுக்கே நாளுக்கு ஒரு நிரை; நெடுக்கே மழை, காற்று, ஓடை வரத்து என்று மூன்று நிரல். ஒவ்வொரு எண்ணையும் அதன் நிரலுக்கான எடையால் பெருக்கிக் கூட்டினால் அன்றைய தண்ணீர். மழைக்காலம் முழுவதும் அது ஏறக்குறையச் சரியாகவே சொன்னது.

பிறகு மழை நின்றது. பத்தாம் நாள் காற்றும் இல்லை, ஓடையும் இல்லை. புரோகிராம் பூஜ்யம் என்றது.

அருளப்பன் ஏரிப் பக்கம் பார்த்தார். பனி பால்போல அசையாமல் நின்றது. புரோகிராமை நம்பி, துறை வற்றியிருக்கும் என்று நினைத்தார். பலகையில் பூஜ்யம் எழுதினார்.

நர்ஸ் பாக்கியமேரி அதைப் படித்தாள். தீவில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்திருந்தது. படகுக்காரரைத் தேடாமல், பையைத் தலையில் வைத்துக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் எங்கிருந்தோ, கனவில் யாரோ கூப்பிடுகிற மாதிரி, "ஐயா" என்று ஒரு குரல்.

அருளப்பன் கைகளை நீட்டிக்கொண்டு குரலை நோக்கி இறங்கினார். கரை மறைந்தது. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. விரலில் தலைமுடி தட்டுப்பட்டது. இழுத்தார்.

நர்ஸ் இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். கண் திறந்ததும், "பை எங்கே?" என்றாள். பையைத் தேடி எடுத்துக்கொண்டு படகில் போனாள். மதியம் சேதி வந்தது: பெண் குழந்தை, தாயும் சுகம்.

அதுவரை அருளப்பன் ஈரத்துணியோடு பலகையடியிலேயே உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லி துண்டு கொண்டுவந்தாள்.

"கணக்குல எங்க தப்பு டீச்சர்? திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன்."

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு ஐயா?"

"நெஞ்சளவு."

"மழையாலயா?"

"இல்ல."

"காத்து? ஓடை?"

"ரெண்டும் இல்ல."

"அப்புறம் எப்படி நெஞ்சளவு?"

"அது எப்பவும் கிடக்கிற தண்ணி டீச்சர்."

"உங்க அணியில அது எங்க கிடக்கு?"

அவர் மூன்று நிரலையும் விரல்விட்டு எண்ணினார்; அதில் அது இல்லை.

"முன்னால இன்னொரு நிரல் சேருங்க," என்றாள். "எல்லா நிரையிலயும் ஒண்ணு. அதுக்கு என்ன எடைன்னு புரோகிராமே கண்டுபிடிச்சுக்கும்."

உள்ளே போய்க் கணினியைத் திறந்தார். மழையில்லாத நாட்களுக்கு இட்டுக்கொண்டே வந்தார். ஒன்று. ஒன்று. ஒன்று. பெருமழை பெய்த நாளின் நிரை வந்ததும் விரல் நின்றது.

"இந்த நாளுக்குமா டீச்சர்? அன்னைக்கு வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. மழையே போதுமே."

செண்பகவல்லி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.

"அந்த மழை எது மேல பெஞ்சுது ஐயா?"